கடலலையின் மூன்று தொழில்கள்

அலை ஓய்ந்தபின் தலை முழுகலாம் என்று கரையிற் காத்து நின்றவனை நம் முன்னோர் பழமொழியில் வைத்து நகைத்தனர். அலைக்கு ஓய்வில்லை என்பதை அவர் நன்கு அறிந்திருந்தனர். ஆயின், இரவும் பகலும் ஓயாத அவ்வலை யாது தொழில் புரிகின்றது என்னும் வினாவை நம்முட் பலர் எழுப்புவதில்லை. மாலை வேளையிற் சென்னை மெரீனாவின் மணலில் அமர்ந்து காற்று வாங்கும் மாணவர், அலை வருவதையும் மீள்வதையும் கண்டு களிக்கின்றனர். தாம் அமர்ந்துள்ள மணல் எங்கிருந்து வந்தது, எப்பொழுது வந்தது, அஃது அங்கே தங்காதிருந்தால் எவ்விடம் சென்று சேர்ந்திருக்கும் என்று ஆராய்வார் சிலரே. அம் மணலின் வரலாற்றை அறிந்தவர்க்கு மெரீனாவில் உலாவும் இன்பத்தோடு ஒரு பொறுப்புணர்ச்சியும் உண்டாகும். அவ் வரலாற்றைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

அலை புரியும் தொழில்கள் மூன்று. கரையை அரித்தல் ஒன்று. அரித்தவற்றைச் சுமந்து செல்லுதல் மற்றொன்று. சுமந்தவற்றை வேறோரிடத்தில் இட்டு நிலமாக்குதல் மூன்றாவது. பாடநூல்கள் இம்மூன்றனையும் தனித்தனி அதிகாரங்களிற் கூறும். இயற்கையிலோ இவை ஒரே கணக்கின் வரவும் செலவும் போல்வன. ஓரிடத்தில் வரவு வைக்கப்பட்ட மணல் மற்றோரிடத்திற் செலவு எழுதப்பட்டதாகவே இருக்கும். இவ்வுண்மையை மாணவர் முதலில் மனத்திற் பதித்துக்கொள்வாராக.

அலையின் இயல்பு

கடலில் நாம் நாடோறும் காணும் அலைகளைத் தோற்றுவிப்பது காற்றே. காற்றின் வேகம், அது வீசும் கால அளவு, தடையின்றி வீசும் நீர்ப்பரப்பின் நீளம் ஆகிய மூன்றும் மிகுந்தோறும் அலையின் உயரமும் மிகும். சந்திர சூரியரின் ஈர்ப்பால் நிகழும் ஏற்றவற்றம் வேறு. கடலடித் தரை அசைவதால் எழும் ஆழிப்பேரலை வேறு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நம் கரையைத் தாக்கியது இறுதியிற் கூறிய வகையைச் சார்ந்தது. இக்கட்டுரை காற்றால் எழும் அலைகளைப் பற்றியதே.

ஆழ்கடலில் அலை ஓடுகின்றதேயன்றி நீர் ஓடுவதில்லை. விளைந்த நெல்வயலின்மீது காற்று வீசுங்கால் வயலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை அலையொன்று ஓடுவதுபோலத் தோன்றும். ஆயினும் ஒவ்வொரு நெற்பயிரும் தான் வேரூன்றிய இடத்திலேயே நின்று சாய்ந்து நிமிர்கின்றது. கடல்நீரின் துளிகளும் அத்தகையனவே. அவை ஏறத்தாழ இருந்த இடத்திலேயே வட்டமிட்டுச் சுழல்கின்றன. மேற்பரப்பிற் பெரிதாக உள்ள அவ்வட்டம் கீழே செல்லச் செல்லச் சிறுத்து, அலைநீளத்திற் பாதியளவு ஆழத்தில் இல்லையென்னுமளவிற்கு ஒடுங்கிவிடும். இரண்டு அலைமுகடுகளுக்கு இடையே 60 மீட்டர் தொலைவு இருக்குமாயின், 30 மீட்டர் ஆழத்தில் உள்ள மணல் அவ்வலையை உணராது.

கரையை அணுகுங்கால் நிலைமை மாறுகின்றது. ஆழம் குறையக் குறைய அலையின் அடிப்பகுதி தரையொடு உராய்ந்து வேகம் தளர்கின்றது. பின்வரும் அலைகள் நெருங்குகின்றன, உயரம் மிகுகின்றது. அலையின் உயரம் நீரின் ஆழத்தில் ஏறக்குறைய முக்காற் பங்காகும்போது, மேற்பகுதி நிலைகொள்ளாது முன்னே கவிழ்ந்து உடைகின்றது. ஒன்றரை மீட்டர் உயரமுள்ள அலை ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஆழத்தில் உடையும் என்று கணக்கிடலாம். அதுவரை வடிவமாக மட்டும் ஓடிவந்த அலை, உடைந்த பின்னர் உண்மையாகவே நீரைக் கரைமீது வீசுகின்றது. அலையின் தொழில் அவ்விடத்தில் வலிமை பெறுகின்றது.

அரித்தல்

உடைந்து மோதும் அலையின் வலிமையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அளந்து கண்டவர் ஸ்காட்லாந்து தேசத்துப் பொறியியலறிஞர் தாமஸ் ஸ்டீவன்ஸன் என்பார். ஸ்கெரிவோர் என்னும் பாறையில் அவர் நிறுத்திய கருவி சதுர அடிக்கு 6083 பவுண்டு அழுத்தத்தைக் காட்டியது. அந்நாட்டு விக் துறைமுகத்தில் 1872ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயலில், 1350 டன் எடையுள்ள ஒரே பிண்டமாகப் பிணிக்கப்பட்ட அலைதடுப்புச் சுவரின் முனையை அலைகள் பெயர்த்துத் தள்ளின. ஆயிரக்கணக்கான யானைகள் கூடினும் அசைக்க இயலாததொன்றை நீர் அசைத்ததென்றால், நம் மண் கரைகள் எம்மாத்திரம்!

அலை அரிக்கும் முறை நான்கு. பாறையின் வெடிப்புக்களில் நீர் புகுந்து அங்குள்ள காற்றை நெருக்கி, பின் விலகுங்கால் அக்காற்று விரிந்து பாறையைப் பிளத்தல் ஒன்று. மணலையும் கூழாங்கற்களையும் படைக்கலமாக ஏந்திப் பாறையைத் தேய்த்தல் இரண்டாவது. அக்கற்களே ஒன்றோடொன்று மோதித் தேய்ந்து உருண்டையாதல் மூன்றாவது. சுண்ணாம்புக்கல் போன்றவற்றை நீர் மெல்லக் கரைத்தல் நான்காவது.

பாறைக் கரையில் இத்தொழிலால் முதலிற் குடைவு தோன்றும், குடைவு குகையாகும், நிலமுனையொன்றன் குகை மறுபுறம் திறந்துகொள்ளுமாயின் வளைவு வாயிலாகும், வளைவின் மேற்பகுதி இடிந்து வீழ்ந்தபின் தனித்த பாறைத்தூண் எஞ்சும். விசாகப்பட்டினத்திற்கு வடக்கே மங்கமாரிப்பேட்டைக் கரையில் உள்ள இயற்கைக் கல்வளைவை நேரிற் கண்டவர்க்கு இப்படிகள் நன்கு விளங்கும். நிலமுனைகள் இவ்வாறு தாக்கப்படுவதற்கு ஒரு காரணமும் உண்டு. ஆழம் குறைந்த இடத்தில் அலை தளர்வதனால் அலைவரிசை வளைந்து முனையைச் சூழ்ந்துகொள்கின்றது. ஆதலின் அதன் ஆற்றல் முனையிற் குவிந்து, குடாவிற் பரந்து மெலிகின்றது. முனை தேய்ந்து குடா நிரம்பி, வளைந்த கரை நாளடைவில் நேராகின்றது.

சோழமண்டலக் கரையில் ஓங்கிய பாறைகள் அரியன. ஈண்டு அலை அரிப்பது மணலையும் வண்டலையுமே. தரங்கம் என்பது அலையின் பெயர். அப்பெயரையே தாங்கிய தரங்கம்பாடியில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாண்டியர் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் திருக்கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டது. கல்லால் அமைந்த கோயில் அலையின் மோதலுக்கு மட்டும் தோற்றதன்று. அதனைத் தாங்கிய மணல் அகன்றதனாலேயே சாய்ந்தது. கரையின் வலிமை அதன் மணலில் உள்ளது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

சுமத்தல்

அலை கரையை நோக்கி நேராக வருதல் அரிது. பெரும்பாலும் சாய்வாகவே வருகின்றது. கரைமீது ஏறும் நீர் அச் சாய்வான வழியிலேயே மணலை ஏற்றிச் செல்லும். மீளும் நீரோ சரிவை நோக்கி நேராக இறங்கும். ஆகவே ஒரு மணற்றுகள் ஏறிய இடத்திற்கே மீளாது, சிறிது தள்ளிச் சேர்கின்றது. அடுத்த அலை அதனை மேலும் சிறிது தள்ளும். இவ்வாறு வாள் பற்களின் வடிவில் ஏறியும் இறங்கியும் மணல் கரையோரமாகப் பயணம் செய்கின்றது. அலை உடையும் பகுதியில் கலங்கிய நீர் கரைக்கு இணையாக ஓடி, மேலும் மிகுதியான மணலைக் கொண்டு செல்லும். இதனைக் கரையோர மணலோட்டம் எனலாம்.

மாணவர் இதனைத் தாமே சோதித்தறியலாம். உடையும் அலைக்கு அப்பால் ஒரு தேங்காய் மட்டையை எறிந்து, அது கரையோரமாக எத்திசையிற் செல்கின்றது என்று கால் நாழிகை நோக்குக. தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்திற் சென்னைக் கரையில் அது வடக்கு நோக்கிச் செல்லும். வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்திற் பெரும்பாலும் தெற்கு நோக்கிச் செல்லும். சென்னைப் பக்கத்து மீனவர் தெற்கிலிருந்து வடக்கே செல்லும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே வருவதை வன்னி என்றும் பெயரிட்டு வழங்குவர். நூல்கள் எழுதப்படுவதற்கு முன்னரே அவர் அறிந்த பாடம் இது.

ஆண்டில் வடதிசை ஓட்டம் நிகழும் மாதங்களே மிகுதி. ஆதலின் இரண்டையும் கழித்துப் பார்க்குங்கால், சென்னைக் கரையில் ஆண்டுதோறும் பல இலட்சம் கன மீட்டர் மணல் தெற்கிலிருந்து வடக்கே செல்கின்றது. கரையில் நிற்பவன் கண்ணுக்கு மணல் அசையாது கிடப்பதாகவே தோன்றும். உண்மையில் அஃது ஓர் ஆறு. கரையே அதன் படுகை.

ஆக்கல்

அலையின் வேகம் தளரும் இடத்தில் அது தன் சுமையை இறக்கி வைக்கின்றது. கூவமும் அடையாறும் கடலொடு கலக்கும் முகத்துவாரங்களில் மழையற்ற மாதங்களில் மணல் திட்டாக வளர்ந்து வழியை அடைப்பதைக் காண்கிறோம். ஆற்றில் நீர் குன்றியபோது அலை வெல்லுகின்றது; வெள்ளம் வந்தபோது ஆறு அத்திட்டை உடைத்துக்கொண்டு செல்லுகின்றது. பழவேற்காட்டு ஏரியைக் கடலினின்று பிரித்து நிற்கும் நீண்ட மணல்நிலம் இத்தொழிலின் பெரிய வடிவம். அதன் ஒரு பகுதியாகிய ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே இக்காலத்தில் விண்கலங்கள் ஏவப்படுகின்றன.

அலை ஆக்குவது மட்டுமன்று, தரம் பிரிக்கவும் செய்கின்றது. கன்னியாகுமரியின் பல நிற மணல் யாவரும் அறிந்ததே. சிவந்தது கார்னெட் என்னும் கனிமத்தின் துகள், கரியது இல்மனைட். இவை வெண்மணலினும் கனமானவை. கரைமீது ஏறிய அலை மீளுங்கால் இலேசான வெண்மணலை இழுத்துச்சென்று, கனமானவற்றை விட்டுச் செல்கின்றது. சுளகில் அரிசி புடைக்கும் பெண்மணி உமியைப் போக்கி மணியை நிறுத்துவது போன்றதே இது. மணவாளக்குறிச்சிப் பகுதியில் இவ்வாறு சேர்ந்த கனிம மணலை அகழ்ந்தெடுத்துத் தொழிற்சாலைக்குப் பயன்படுத்துகின்றனர்.

பருவத்திற்கேற்ற வரவு செலவும் உண்டு. புயற்காலத்துப் பேரலைகள் கரைமணலை இழுத்துச் சென்று கடலினுள்ளே சிறிது தொலைவில் மேடாகக் குவிக்கும். அம்மேடே அடுத்துவரும் அலைகளை முன்னரே உடையச் செய்து கரையைக் காக்கும். கடல் அமைதியுற்ற மாதங்களில் மெல்லிய அலைகள் அம்மணலைச் சிறிது சிறிதாகக் கரைக்கே மீட்டுத் தரும். ஆகவே, புயலுக்குப் பின் குறுகிய கரையைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. மணல் மீளாதபோதே அஞ்ச வேண்டும்.

சென்னைக் கரையின் வரலாறு

மேற்கூறிய மூன்று தொழில்களையும் ஒருங்கே காட்டும் இடம் சென்னை. இங்கே இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, கயிற்றால் தைத்த பலகைகளையுடைய மசூலாப் படகுகள் நுரைத்தெழும் அலைகளைக் கடந்து மக்களையும் பண்டங்களையும் கரை சேர்த்தன. இத்துன்பத்தைப் போக்க, 1861ஆம் ஆண்டில் இரும்புத் தூண்கள்மேற் கடற்பாலம் ஒன்று அமைந்தது. மணல் அத்தூண்களின் இடையே தடையின்றிச் சென்றது. பின்னர்க் கப்பல்களுக்கு அமைதியான நீர் வேண்டும் என்று, 1870களின் இடைப்பகுதியில் கடலினுள் நீண்ட அலைதடுப்புச் சுவர்களை எழுப்பத் தொடங்கினர். 1881ஆம் ஆண்டு நவம்பரில் வந்த புயல் அச்சுவர்களைச் சிதைத்தது. அவற்றை மீண்டும் கட்டி முடித்தனர்.

சுவர் அலையைத் தடுத்தது. அதனுடன் மணலாற்றையும் தடுத்தது. வடக்கே செல்ல வேண்டிய மணல் தென்சுவரின் புறத்தே தங்கிற்று. ஆண்டுதோறும் கரை கடலை நோக்கி நகர்ந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842ஆம் ஆண்டிற் கரையை ஒட்டிக் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ், இந்நாளில் விவேகானந்தர் இல்லம் என வழங்கும் அக்கட்டடம், இன்று கடலினின்று நெடுந்தொலைவு விலகி நிற்கின்றது. கட்டடம் நகரவில்லை, கடலே அகன்றது. 1881 முதல் 1886 வரை ஆளுநராயிருந்த கிராண்ட் டப் அக்கரையில் உலாவும் சாலையை அமைத்து மெரீனா என்று பெயரிட்டார். அவர் காலத்திற்குப் பின்னும் மணல் வளர்ந்து, இன்று சிலவிடங்களில் 400 மீட்டருக்கும் மேற்பட்ட அகலமுடையதாயிற்று.

மணல் அவ்வளவில் நிற்கவில்லை. தென்சுவரின் புறம் நிரம்பியபின், கிழக்கு நோக்கியிருந்த துறைமுக வாயிலையும் தூர்க்கத் தொடங்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகத் தலைவராயிருந்த ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் காலத்தில் அவ்வாயிலை அடைத்து, வடகிழக்கில் வேறு வாயில் அமைத்தனர்.

இனி வரவின் மறுபக்கத்தை நோக்குவோம். துறைமுகத்திற்கு வடக்கே இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்னும் கரைப்பகுதிகள் உள. தெற்கிலிருந்து வரும் மணல் நின்றுபோயிற்று. ஆயினும் அங்கே உள்ள மணலை வடக்கே கொண்டு செல்லும் அலை நிற்கவில்லை. வருவாய் அற்ற குடும்பம் சேமிப்பைச் செலவிட்டு வாழ்வதுபோல, அக்கரை தன் உடலையே கொடுத்து அலையின் சுமையை நிரப்பிற்று. மீனவர் படகு ஏற்றிய மணற்பரப்பும் வலை உலர்த்திய இடமும் வீடுகளும் சாலையும் படிப்படியாகக் கடலுட் சென்றன. ஆகவே மெரீனாவின் அகன்ற மணலும் வடசென்னையின் அரிப்புண்ட கரையும் இரண்டு நிகழ்ச்சிகளல்ல. ஒன்றன் இரு முகங்கள்.

அரிப்பைத் தடுக்கக் கருங்கற்களைக் குவித்துச் சுவர் எழுப்பினர். அச்சுவர் தன் பின்னுள்ள நிலத்தைக் காத்ததென்பது மெய்யே. ஆயின், சுவரில் மோதி மீளும் அலை அதன் அடியிலுள்ள மணலைத் தோண்டிச் செல்லும். ஆதலின் கற்கள் காலந்தோறும் சரிந்து அமிழ்கின்றன. சுவர் முடியும் இடத்திற்கு வடக்கே அரிப்பு புதிதாகத் தொடங்குகின்றது. எனவே சுவர் நோயைத் தீர்ப்பதன்று. அடுத்த ஊருக்கு அனுப்புவதே.

இப்பாடம் ஒருமுறை கற்றபின் மறக்கப்படாதிருந்தால் நலமாயிருக்கும். ஏறக்குறைய நூற்றாண்டொன்று கழிந்தபின், 1980களின் பிற்பகுதியிற் புதுச்சேரித் துறைமுகத்திற்கு அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரின் புகழ்பெற்ற கரையில் மணல் மறைந்து கருங்கற்களே எஞ்சின. அதற்கும் வடக்கே உள்ள மீனவர் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அரிப்பை எதிர்கொண்டன. 2018ஆம் ஆண்டில் நகரின் வடபகுதியில் நீருள் அமிழ்ந்த செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தபின், அவ்விடத்தில் மணற்கரை ஓரளவு மீண்டது. மணலுக்குத் தங்குமிடம் அளித்தால் அது மீளும் என்பது இதனால் விளங்குகின்றது.

செய்யத்தக்கது யாது?

துறைமுகங்கள் வேண்டா என்று கூறுதல் அறிவுடைமையாகாது. வாணிகத்திற்குத் துறைமுகம் இன்றியமையாதது. ஆயின், மணலாற்றை அடைத்தவர் அதனை மறுபுறம் சேர்க்கவும் கடமைப்பட்டவர். 1933ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விசாகப்பட்டினத் துறைமுகத்தில், இரண்டு பழைய கப்பல்களை அமிழ்த்தி அலைதடுப்பாக்கி, மணலை ஓரிடத்தில் தங்கச் செய்தனர். அங்கே தூர்வாரிய மணலை வடக்கே நகரின் கரைக்கு அனுப்பும் வழக்கமும் ஏற்பட்டது. ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்றின் முகத்துவாரத்தில் 2001ஆம் ஆண்டு முதல், தெற்கே சேரும் மணலைக் குழாய் வழியே ஆற்றைக் கடத்தி வடகரையிற் சேர்த்து வருகின்றனர். செலவு மிக்கதே, ஆயினும் ஊர்களை இழப்பதினும் அச்செலவு தகுதியானது.

மணலின் பிறப்பிடத்தையும் மறத்தலாகாது. கடற்கரை மணலிற் பெரும்பகுதி ஆறுகள் கொணர்ந்தது. ஆற்றுமணல் நீர்த்தேக்கங்களில் தங்குமாயினும், வீடு கட்டுவதற்கென்று படுகையினின்று அளவின்றி அள்ளப்படுமாயினும், அக்குறை பல ஆண்டு கழித்துக் கரையில் வெளிப்படும். மலைநாட்டில் அணை கட்டுவோனும் ஆற்றிடை மணல் அள்ளுவோனும் கடற்கரை மீனவனின் வாழ்வைத் தொடுகின்றனர். இருவரும் அதனை அறிவதில்லை.

மாணவ நண்பர்களே! அடுத்தமுறை மெரீனாவில் உலாவச் செல்லும்போது ஒரு பிடி மணலைக் கையில் எடுத்து நோக்குங்கள். அஃது எங்கோ ஒரு மலையிற் பாறையாயிருந்து, ஆற்றால் உருண்டு, அலையால் சுமக்கப்பட்டு, வடக்கே செல்லும் வழியிற் சுவரொன்றால் தடுக்கப்பட்டு உங்கள் கையை அடைந்தது. அடுத்த விடுமுறையில் இராயபுரத்திற்கு வடக்கே கருங்கற் சுவரின்மீது சிறிது நேரம் நின்று, முன்னே மணல் இருந்த இடத்தில் அலை மோதுவதையும் காணுங்கள். இவ்விரண்டு காட்சிகளையும் ஒருங்கே கண்டவரே அலையின் மூன்று தொழில்களைக் கற்றவராவர். கரையை மாற்ற முற்படும் எவரும், மணல் எவரிடமிருந்து வருகின்றது, எவரிடம் செல்லவேண்டும் என்னும் இரு வினாக்களுக்கு முதலில் விடை கூறுவாராக.